சூடாக ஒரு கிண்ணம் கேட்ட மொரியோ

மொரியோவுக்கு வாயே கிடையாது என்று ஊரில் சொல்வார்கள். அது சரியல்ல. சாப்பிடுவதற்கு வாய் இருந்தது. தான் ஓட்டும் பேருந்தின் ஒலிபெருக்கியில், "வண்டி கிளம்புது, கம்பியப் பிடிச்சுக்குங்க" என்று நாள் முழுக்கச் சொல்வதற்கும் இருந்தது. 'எனக்கு இது வேண்டாம்' என்று சொல்வதற்கு மட்டும்தான் கடவுள் வைக்க மறந்துவிட்டார்.

பள்ளியில் சேர்ந்த வருடம் வாத்தியார் அவனை அண்ணன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். திருத்தினால் வாத்தியாருக்குச் சங்கடமாகிவிடுமே என்று அந்த வருடம் முழுக்க அண்ணனாகவே எழுந்து நின்று பதில் சொன்னான். முடிவெட்டுகிறவர் பின்னால் கண்ணாடியைப் பிடித்து, "போதுமா?" என்று கேட்பார். மண்டை தெரிய வெட்டியிருந்தாலும் "அருமை" என்பான். அப்புறம் ஒரு மாதம் தொப்பியும் தானுமாகத் திரிவான். முப்பது வயதில் பெண் பார்த்தார்கள். பெண், "மலை ஏறப் பிடிக்குமா?" என்று கேட்டாள். இவனுக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். "ரொம்பப் பிடிக்கும்" என்றான். ஞாயிறு தவறாமல் மலை. முட்டி வீங்கி நொண்டிக்கொண்டே பேருந்து ஓட்டினான். கடைசியில் ஒரு மலையுச்சியில் உட்கார வைத்து அந்தப் பெண்ணே சொல்லிவிட்டாள்: "நீங்க நல்லவர்தான். ஆனா உங்களுக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காதுன்னு ஒண்ணுமே புரியல. ஆளில்லாத வீட்டுக் கதவத் தட்டுற மாதிரி இருக்கு." அதற்கும் "ஆமாங்க, சரியாச் சொன்னீங்க" என்று ஒத்துக்கொண்டுதான் கீழே இறங்கினான்.

அதற்குப் பிறகு கல்யாணப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அவனும் எடுக்கவில்லை. தகமட்சு நிலையத்திலிருந்து தெற்கே மலையடிவாரம் வரை போய்த் திரும்பும் பேருந்தை ஓட்டிக்கொண்டு, தலை நரைக்க நரைக்க, யாரோடும் சண்டையில்லாமல் இருந்தான். அவனுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. அந்த ஆசை தினமும் காலை பத்தரை மணிக்கு ஒரு கொதிக்கும் அண்டாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. அவள் பெயர் கினுயோ.

ஜப்பானின் இந்த மூலையில், எங்கள் ககாவாக்காரர்களுக்கு உடோன் என்பது சாப்பாட்டு வகையில் சேராது, மூச்சு விடுகிற வகையில் சேரும். கோதுமை மாவைப் பிசைந்து, காலால் மிதித்து, தடிமனாக வெட்டி, வேகவைத்து, நெத்திலிக் கருவாட்டுச் சாறு ஊற்றித் தந்தால் போதும். காலையில் கண் விழித்ததும் ஒரு கிண்ணம், பதினோரு மணிக்குப் பசிக்காமலேயே ஒரு கிண்ணம், நல்ல செய்தி வந்தால் ஒன்று, கெட்ட செய்தி வந்தால் இரண்டு. தோக்கியோக்காரர்கள் கரியைக் கரைத்த மாதிரி கறுப்புச் சாறு ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். அது அவர்கள் தலையெழுத்து, நாம் என்ன சொல்ல?

பேருந்து திரும்புகிற இடத்தில், வயலை ஒட்டிய தகரக் கொட்டகைதான் கினுயோவின் கடை. பெயர்ப்பலகை கிடையாது. தெரிந்தவர்களுக்கு அது தேவையில்லை. தெரியாதவர்கள் வந்தால் உட்கார இடமில்லை. உள்ளே ஒரு நீளப் பலகை, ஆடுகிற முக்காலிகள் சில. மிச்சப்பேர் வெளியில் பீர்ப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, வயலைப் பார்த்தபடி உறிஞ்சுவார்கள். வெங்காயத்தாள் வேண்டுமென்றால் கத்தியை எடுத்து நாமே நறுக்கிக்கொள்ள வேண்டும். இஞ்சியும் நாமே துருவிக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அந்தக் கடை ராஜ உபசாரம் செய்யும். ஒரு தடவை வந்துவிட்டால் மறுதடவை உங்களிடம் என்ன வேண்டும் என்று கேட்கமாட்டார்கள். உங்கள் தலை வாசலில் தெரிந்ததும் உங்கள் கிண்ணம் பலகையில் இருக்கும். கினுயோவின் அப்பா காலத்திலிருந்து அதுதான் கடையின் கௌரவம்.

அந்தக் கௌரவத்தில்தான் மொரியோ மாட்டிக்கொண்டான்.

கினுயோ ஒசாகாவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். புருஷனோடு ஒத்துவரவில்லை, விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். அப்பா படுத்த படுக்கையானதும் கடையை எடுத்துக்கொண்டாள். 'பொம்பளையால அந்த மாவ மிதிக்க முடியுமா?' என்று ஊரே வேடிக்கை பார்க்கக் காத்திருந்தது. அவள் தனியாகக் கடை திறந்த முதல் நாள் மொரியோ வரிசையில் நின்றான். சூடான உடோன், சூடான சாறு என்று கேட்டான். குளிர் தாங்காத உடம்பு அவனுக்கு. கோடையிலும் கம்பளிக் காலுறை போடுகிற ஆள். அவன் முன்னால் வந்து விழுந்தது குளிர்ந்த உடோன், குளிர்ந்த சாறு. வேறு யாருக்கோ போக வேண்டியது.

நிமிர்ந்து பார்த்தான். கிண்ணத்தை வைத்த கினுயோவின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. நெற்றியெல்லாம் மாவு. 'இது இல்லைங்க' என்ற வார்த்தை தொண்டை வரை வந்து, அந்தக் கையைப் பார்த்ததும் திரும்பி உள்ளே போய்விட்டது. உடோனையும் அதன் பின்னாலேயே அனுப்பினான். பல் கூசியது. ஆனால் உடோன் உண்மையிலேயே நன்றாக இருந்தது. "ரொம்ப நல்லா இருக்குங்க" என்றான். அன்று காலையிலிருந்து அவளிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை போல. கண் கலங்கிவிட்டது அவளுக்கு. அந்தக் கணத்திலேயே மொரியோ விழுந்துவிட்டான், எழுந்திருக்கவே இல்லை.

மறுநாள் அவன் வாசலில் தலை காட்டினான். பலகையில் குளிர்ந்த உடோன், குளிர்ந்த சாறு.

பத்துப் பன்னிரண்டு வருடம் அப்படியே போய்விட்டது. கோடையில் பரவாயில்லை. குளிர்காலம் வந்தால் தீவுகளுக்கு நடுவே இருக்கிற உள்நாட்டுக் கடலிலிருந்து வருகிற காற்று தகரத்தைத் தட்டும். வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாம் சூடான கிண்ணத்தில் கையைச் சூடாக்கிக்கொண்டு ஆவியில் முகத்தை நுழைத்துக்கொண்டிருப்பார்கள். நடுவில் மொரியோ மட்டும் கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு, பல் தந்தியடிக்க, குளிர்ந்த சாற்றைக் குடிப்பான். 'பனிக்கரடி' என்று அவனுக்குப் பெயர் வைத்தார்கள். கினுயோவுக்கோ பெருமை தாங்காது.

"உடோனக் கடிக்கிறப்ப இருக்குற அழுத்தம் குளிர்ச்சியில சாப்பிட்டாத்தான் தெரியும். நீங்கள்லாம் சூடு போட்டு அதக் கொன்னுடுறீங்க. இந்த ஊர்ல என் உடோன் தெரிஞ்ச ஒரே நாக்கு மொரியோ-சானோடதுதான்" என்று, 'சான்' என்று மரியாதை போட்டு, எல்லோர் முன்னாலும் சொல்வாள்.

அதைக் கேட்டு மொரியோவின் காது சிவக்கும். அதற்கப்புறம் உண்மையைச் சொல்ல எந்த மனுஷனுக்கு வாய் வரும்?

கூட வேலை பார்க்கும் ஓட்டுநர் குரிஹாராவுக்கு மட்டும் இது தெரியும். மொரியோவின் பல்வலியைப் பார்த்துத் துருவித் துருவிக் கேட்டு விஷயத்தைக் கறந்துவிட்டான்.

"டேய், ஒரு கிண்ணத்த மாத்திக் கேக்கத் துப்பில்ல உனக்கு. நீ போயி அவகிட்ட மனசச் சொல்லப் போறியா? அதுக்குள்ள உங்க ரெண்டு பேருக்கும் முதியோர் பென்ஷன் வந்துரும்" என்பான்.

"சொன்னா அவங்களுக்கு வருத்தமாயிடும்டா. என் நாக்கத்தான் நம்பிட்டு இருக்காங்க."

"நாக்க நம்பி என்ன பண்றது? அதான் பேசவே மாட்டேங்குதே!"

இந்த வருடம் சனவரியில்தான் விஷயம் முற்றியது. கிண்ணத்தை வைத்த கினுயோவின் இரண்டு விரல்களில் கட்டு. மற்ற விரல்களும் வெடித்துப் பிளந்திருந்தன. என்ன ஆச்சு என்று மொரியோ பதறினான்.

"ஒண்ணுமில்ல. விடியக்காலைல உங்க சாத்துக்கு ஐஸ் உடைப்பேன்ல, ஐஸ் குத்துற ஊசி கையில ஏறிடுச்சு" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

உங்கள் சாறு. குளிர்காலத்தில் அந்தக் கடையில் வேறு யாருமே குளிர்ந்த சாறு கேட்பதில்லை என்பது மொரியோவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் ஒருவனுக்காக, அவன் விரும்பாத ஒரு கிண்ணத்துக்காக, இந்தப் பெண் இத்தனை குளிர்காலமும் இருட்டில் எழுந்து ஐஸ் உடைத்துக் கையைப் புண்ணாக்கிக்கொண்டிருக்கிறாள். அவனுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. இப்படி ஒரு கோபம் அவனுக்கு அதுவரை வந்ததே கிடையாது. உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும். சொன்னால், அவளுடைய பெருமையை உடைத்தவனாகிவிடுவான். அப்புறம் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? சொல்லாவிட்டால் அந்த விரல்கள்.

மறுநாள் காலி பேருந்தில், கண்ணாடியைப் பார்த்துப் பயிற்சி எடுத்தான். "மன்னிக்கணும், இன்னைக்குச் சூடா ஒண்ணு." நன்றாகத்தான் வந்தது. ஆனால் பேருந்து வளைவில் திரும்பும்போதே கினுயோ ஜன்னல் வழியாகப் பார்த்துவிடுவாள். அவன் வாசலுக்கு வருவதற்குள் கிண்ணம் தயாராகப் பலகையில் குளிர்ந்துகொண்டிருந்தது. வாயில் இருந்த வாக்கியத்தை முழுங்கிவிட்டு அதைச் சாப்பிட்டான்.

அடுத்த முறை விடுமுறை நாளில், சீருடை இல்லாமல், கம்பளித் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டு, முகமூடி போட்டுக்கொண்டு வரிசையின் வாலில் போய் நின்றான். தன் முறை வந்ததும் புது ஆள் மாதிரிக் கேட்டுவிடலாம் என்பது திட்டம். பாதி வரிசையிலேயே கினுயோவின் குரல் வந்தது.

"மொரியோ-சான், லீவு நாளும் வந்துட்டீங்களா! மாஸ்க்குப் போட்டா எனக்குத் தெரியாதாக்கும்? ஏங்க, அந்தக் கிண்ணத்த அவருக்குக் கைமாத்தி விடுங்க!"

கிண்ணம் கை மாறி மாறி அவனிடம் வந்து சேர்ந்தது. முகமூடியைக் கழற்றிவிட்டுச் சாப்பிட்டான். குரிஹாரா இதைக் கேட்டு, சிரித்துச் சிரித்து பேருந்துப் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"அவ கை உன் வாயவிட வேகம்டா. நீ வாசல்லேருந்தே கத்திடு. நானும் கூட வரேன். ஓடிப்போகாம பிடிச்சுக்கிறேன்" என்றான்.

அப்படித்தான் செய்தார்கள். பிப்ரவரி முதல் வாரம், வெளியில் லேசாகப் பனி தூவிக்கொண்டிருந்தது. குரிஹாரா பின்னால் நின்று சட்டையைப் பிடித்துக்கொள்ள, மொரியோ வாசலில் தொங்கிய துணியை விலக்கி, கண்ணை மூடிக்கொண்டு, பேருந்தில் சொல்லுகிற அதே குரலில் கத்தினான்.

"இன்னைக்குச் சூடா ஒண்ணு! சாறும் சூடா!"

உறிஞ்சுகிற சத்தம் பட்டென்று நின்றது. அந்தக் கடையில் அந்தச் சத்தம் நின்று யாரும் கேட்டதில்லை. கினுயோவின் கையில் ஏற்கெனவே அவனுடைய குளிர்ந்த கிண்ணம் இருந்தது.

"சூடாவா?" என்றாள். முகம் வெளுத்துவிட்டது. "உடம்பு சரியில்லையா உங்களுக்கு?"

உடனே கடையே அவன்மேல் விழுந்தது. வாசலுக்குப் பக்கத்து முக்காலியிலிருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் ஒனிஷி எழுந்து அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். ஒனிஷி ஒரு தனி ரகம். ஆகஸ்ட் வெயிலிலும் துண்டால் துடைத்துத் துடைத்துச் சூடான கிண்ணமே சாப்பிடுகிறவர். "சுரம் இல்ல" என்று அறிவித்தார். முள்ளங்கி விற்க வந்த ஒரு பெண், "எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தாங்க, திடீர்னு ருசி மாறுச்சு. போய்ப் பாத்தா ஈரல்ல கோளாறு" என்று பயமுறுத்தினாள். யாரோ ஆம்புலன்ஸ் என்று முணுமுணுத்தார்கள்.

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க!" என்றான் மொரியோ. பிடித்திருந்த சட்டையைக் குரிஹாரா ஒரு குலுக்குக் குலுக்கினான். "கினுயோ-சான், எனக்குக் குளிர்ச்சி ஒத்துக்காது. எப்பவுமே ஒத்துக்காது. நீங்க கடை எடுத்த முதல் நாள் நான் சூடாத்தான் கேட்டேன். மாறி வந்துடுச்சு. உங்க கை நடுங்கிச்சு, அதப் பாத்து எனக்குச் சொல்ல மனசு வரல. மறுநாளும் அதுவே வந்துச்சு. அப்புறம்... அப்புறம் சொல்லவே முடியாமப் போச்சு. எனக்காக நீங்க ஐஸ் உடைக்கிறது எனக்கு இத்தன நாளாத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா முன்னாடியே செத்தாவது சொல்லியிருப்பேன்."

ஒனிஷி சாப்பிடுகிற குச்சிகளை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அப்படின்னா," என்றார், "அந்தக் கிண்ணம் என்னுது."

"என்னது?" என்றாள் கினுயோ.

"அன்னைக்குக் குளிர்ச்சியாக் கேட்டது நான்தாம்மா. இவருக்கு முன்னாடிதான் நின்னேன். எனக்குச் சூடா வந்துச்சு. புதுசாக் கடை எடுத்த பொண்ணு, முதல் நாளே குறை சொல்லலாமான்னு பேசாமத் தின்னுட்டேன். மறுநாளும் சூடு." துண்டை எடுத்து, பிப்ரவரியிலும் வேர்த்திருந்த கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "இத்தன வருஷமா வெந்துட்டு இருக்கேன்."

முதலில் குரிஹாராதான் சிரித்தான். பிறகு முள்ளங்கிக்காரி, பிறகு கடை முழுக்க, வெளியே பீர்ப்பெட்டியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு விஷயம் போய் அங்கேயும் ஒரு சிரிப்பு வெடித்தது. மொரியோவும் ஒனிஷியும் ஒருவரையொருவர் பார்த்துக் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். யார் முதலில் நிறுத்துவது என்று தெரியாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

கினுயோ சிரிக்கவில்லை. கையிலிருந்த குளிர்ந்த கிண்ணத்தை ஒனிஷியின் முன்னால் 'டொக்' என்று வைத்தாள். பிறகு மொரியோவைப் பார்த்தாள்.

"அப்ப தினமும் நல்லா இருக்குன்னு சொன்னீங்களே, அதும் பொய்யா?"

"அது பொய் இல்லைங்க! நல்லாத்தான் இருந்துச்சு. பல்லுதான் கூசிச்சு."

"பிடிக்காத கிண்ணத்துக்கு எதுக்கு வந்தீங்க?" அவள் குரல் உடைந்தது. கோபமா, அழுகையா என்று தெரியவில்லை. "இந்த ரோட்டுல மட்டும் எத்தன உடோன் கடை! ரெண்டடி தள்ளிப் போயி சூடாச் சாப்பிட்டிருக்க வேண்டியதுதானே? மழைல வந்தீங்க, பனியில வந்தீங்க, லீவு நாள்லயும் வந்தீங்க. எதுக்கு?"

சிரிப்பெல்லாம் அடங்கிப்போனது. பேருந்து இங்கேதானே திரும்புகிறது, அதனால்தான் என்று ஒரு பதில் மொரியோவின் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்தது. யாரையும் சங்கடப்படுத்தாத, வழவழவென்ற, சௌகரியமான பதில். வாழ்நாள் முழுக்க அவன் அந்த மாதிரிப் பதில்களைத்தான் சொல்லி வந்திருக்கிறான். அதை விழுங்கினான்.

"உடோனுக்காக வரலைங்க" என்றான். "உங்களப் பாக்க வந்தேன். முதல் நாள்லேருந்து அதுக்குத்தான் வர்றேன்."

குரிஹாரா சட்டையை விட்டுவிட்டான். இனிப் பிடிக்கத் தேவையில்லை.

கினுயோ திரும்பிக்கொண்டாள். பின்கழுத்து சிவந்திருந்தது. உடோனைக் கூடையில் போட்டுக் கொதிநீரில் முக்கினாள், உதறினாள், கிண்ணத்தில் கவிழ்த்தாள், சோயா சாஸை ஊற்றினாள், சாற்றை ஊற்றினாள், மறுபடியும் சோயாவை ஊற்றினாள். கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"சாப்பிடுங்க" என்றாள், பலகையைப் பார்த்துக்கொண்டு.

மொரியோ உட்கார்ந்தான். ஆவி மூக்குக்கண்ணாடியை மறைத்தது; கழற்றி வைத்தான். ஒரு வாய் எடுத்து உறிஞ்சினான். சூடு உதட்டில் தொடங்கி, தொண்டையில் வழுக்கி, நெஞ்சுக்குள் இறங்கி, கம்பளிக் காலுறை போட்ட கால்விரல் வரைக்கும் போனது. அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பற்றி அவன் வெட்கப்படவில்லை.

"எப்படி இருக்கு?" என்றாள் கினுயோ. கடை முழுக்க எட்டிப் பார்த்தது. 'அருமை' என்ற வார்த்தை பழக்க தோஷத்தில் எழுந்து உதடு வரை வந்தது. மொரியோ வாயைத் துடைத்துக்கொண்டான்.

"உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றான்.

முள்ளங்கிக்காரி "அய்யோ" என்றாள். ஒனிஷி தன் குளிர்ந்த கிண்ணத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். கினுயோ மொரியோவை நேராகப் பார்த்தாள், முதல் தடவையாக ஒரு ஆளைப் பார்க்கிற மாதிரி. பிறகு, அந்தக் கடையில் இதுவரை யாரோடும் உட்கார்ந்து சாப்பிடாதவள், ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் கையிலிருந்த குச்சிகளை வாங்கி, அவன் கிண்ணத்திலிருந்தே ஒரு வாய் எடுத்து, சத்தமாக உறிஞ்சினாள்.

"ஆமா" என்றாள். "சோயா ரெண்டு தடவ ஊத்திட்டேன்." இன்னொரு வாய் எடுத்தாள். கிண்ணத்தைத் திருப்பித் தரவில்லை. "ஞாயித்துக்கிழமை கடை கிடையாது. வீட்டுக்கு வாங்க. உப்பு சரியாப் போட்டுத் தரேன்."

"வரேன்" என்றான் மொரியோ. "எனக்கு வரணும்."

வரிசை வாசலைத் தாண்டி வயல்வரை நீண்டிருந்தது. அண்டாவில் உடோன் குழைந்துகொண்டிருந்தது. ஒருவரும் அதைச் சொல்லவில்லை.